இரண்டு விரல் கூடுதல்

பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் எங்கள் கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை மூக்கு உரசும் தூரத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், தான் மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார்; வயசாகிவிட்டது என்று ஆகிவிடுமாம். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. காலையில் நகராட்சி ஆள் வந்து பசை தடவி ஒட்டிவிட்டுப் போன காகிதம் அது. இந்த வீட்டின் மேல் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று போட்டு, கீழே எங்கள் வீட்டின் பிளானையும் சின்னதாக அச்சடித்திருந்தார்கள். கோடு கோடாக, அம்புக்குறியெல்லாம் வைத்து, எங்கள் வீடு! பேப்பரில் போட்டோ வந்த மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் படித்து முடித்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து, எங்கள் கேட்டிலிருந்து அவர் கேட்வரை அளந்துகொண்டே நடந்தார். பிறகு நிமிர்ந்து என் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாரே பார்க்கலாம்! ஸ்கூட்டரை எடுத்தவர் கடைப்பக்கம் போகாமல் நகராட்சிப் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பொறாமை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டு மெஷினை மிதித்தேன்.

அந்த அறை என் நாத்தனாருக்கு. போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். புருஷன் வீட்டில் என்ன நடந்தது என்பதை என்னிடம் மட்டும் சொன்னாள். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வந்தவளுக்கு எங்கள் வீட்டில் இடம் என்றால் ஹால்தான். எல்லோரும் டிவி பார்த்து முடிக்கிறவரை அவளுக்குத் தூக்கம் கிடையாது. விடியற்காலையில் ரொட்டி வண்டி எடுக்கக் கிளம்புகிற என் வீட்டுக்காரர் அவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகணும். உடை மாற்றுவது சமையலறையில், அதுவும் நான் வாசலில் காவலுக்கு நின்றால்தான். ஒரு தடவை குழாயைத் திறந்து விட்டுவிட்டு பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு வந்தாள். தண்ணீர் வீணாகிறது என்று என் மாமனார் ஹாலில் இருந்து சத்தம் போட்டார். ஒரு மனுஷிக்கு அழுவதற்குக்கூட ஒரு கதவு வேண்டாமா? அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், மேலே ஓர் அறை கட்டியே தீருவது என்று.

இதில் என் சுயநலமும் உண்டு, ஏன் பொய் சொல்லணும். அவள் வந்த பிறகுதான் இந்த வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது. காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை. வாடிக்கையாளர்கள் போன பிறகு ஒவ்வொருத்தரையும் போலப் பேசிக் காட்டுவதும் அவள் வேலைதான். "கை டைட்டா இருக்கணும், ஆனா மூச்சு விடணும்" என்று அவள் ஆரம்பித்தால் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது. அவள் போய்விட்டால் எனக்கு நாள் பூராவும் மெஷின் சத்தம் ஒன்றுதான் துணை.

போவதற்கு ஏற்பாடும் தயாராகத்தான் இருந்தது. மாமனாரின் அக்கா ஒருத்தி வெளியூரில் தனியாக இருக்கிறாள். துணைக்கு ஆள் வேண்டும் என்றாள். துணை என்றால் என்ன? சமைத்துப் போட்டு, துணி துவைத்து, கால் பிடித்துவிட்டு, கூடவே கிடக்கிற சம்பளமில்லாத வேலைக்காரி. மாதக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டாள். என் மாமனார் தலையாட்டிவிட்டார். அவருக்கு மகள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் மகள் திரும்பி வந்துவிட்டாள் என்பது தெருவுக்குத் தெரியக் கூடாது. கேட்கிறவர்களிடமெல்லாம் "சும்மா ரெண்டு நாள் வந்திருக்கா" என்றே ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே ஓர் அறை கட்டினால் அந்த இரண்டு நாளுக்கு என்ன அர்த்தம்? 

நான் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் அறை, எடுக்கும்போதெல்லாம் அறை. கடைசியில் பாவம், மனுஷன் அலுத்துப்போய் ஒரு பேரம் பேசினார். ஆயுசு முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர், சில்லறை விஷயத்தில்கூட விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை.

"சரிம்மா. நகராட்சியில பிளான் பாஸ் ஆயிடுச்சுன்னா கட்டிக்கோங்க. மாசக் கடைசிக்குள்ள ஆகணும். ஆகலைன்னா அவ எங்க அக்கா வீட்டுக்குப் போறா. அப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது."

"சரி மாமா."

"இன்னொண்ணு. மாடிப்படி வீட்டுக்குப் பின்பக்கமா, சமையக்கட்டு வழியாத்தான் போகணும். தெருவுல இருந்து பார்த்தா படி தெரியக் கூடாது."

நகராட்சியில் எந்தக் காகிதம் ஒரு மாதத்தில் நகர்ந்திருக்கிறது என்ற தைரியம் அவருக்கு. வீடு அவர் பெயரில் இருந்ததால் கையெழுத்தும் அவர்தான் போடணும். அதையும் சிரித்துக்கொண்டே போட்டார்.

பிளான் போடுகிறவர் நகராட்சிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தார். நாங்கள் போன நேரம் அவர் கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். "நான் நேர்ல வந்து அளக்கணும், ஆனா பாருங்க" என்று காலைக் காட்டினார். பிறகு என் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, டெய்லரா நீங்க! அப்ப என்ன கவலை? நீங்களே அளந்து எழுதிட்டு வாங்க. உங்களைவிடவா நான் அளந்துடப் போறேன்?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து நானும் நாத்தனாருமாக அன்றைக்கே அளந்தோம். சுவரைத் துண்டு துண்டாக அளந்து நான் சொல்லச் சொல்ல, அவள் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள். காம்பவுண்டிலிருந்து சமையலறைச் சுவர், சமையலறை, ஹால், படுக்கையறை, அந்தப் பக்கச் சந்து. சட்டைக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று அளப்பது போலத்தான். பிளான் போடுகிறவர் எல்லாவற்றையும் கூட்டி, சமையலறைக்கும் கண்ணாடிக்கடைக்காரர் காம்பவுண்டுக்கும் நடுவில் பின்பக்கமாகப் போகிற படியோடு, அழகாகப் படம் வரைந்து கொடுத்துவிட்டார். பத்திரத்தை எடுத்து அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

காகிதம் ஒட்டிய நாலாம் நாள் நகராட்சியில் இருந்து கூப்பிட்டார்கள். நானும் நாத்தனாரும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனோம்; பாஸாகிவிட்டது என்றே நினைத்தோம். மாடியில் நீளமான ஓர் அறை. சுவர் ஓரமாகக் கட்டுக் கட்டாக ஃபைல்கள், நடுவில் ஒரே ஒரு மின்விசிறி, அதற்குக் கீழே உட்காருவதற்குப் பெஞ்சில் போட்டி. கட்டடப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்து அதற்குள்ளே பேனாக்களைப் போட்டு வைத்திருந்தாள். எதிர் நாற்காலியில் கண்ணாடிக்கடைக்காரர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"உங்க பிளான் மேல இவர் ஆட்சேபணை கொடுத்திருக்காரு. அவர் இடத்துல நீங்க படி கட்டப் போறீங்களாம்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"யாரு இடத்துல? எங்க காம்பவுண்டுக்கு உள்ளதான் எல்லாமே!"

"பிளான்ல உங்க இடம் பத்திரத்துல இருக்கறதைவிட ஒண்ணரை அடி அதிகமா இருக்கு. அந்த ஒண்ணரை அடி எங்க இருந்து வந்துச்சு?"

"அவ்வளவும் என்னோட தண்ணித் தொட்டி மேடம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "பாதித் தொட்டியை முழுங்கிட்டாங்க."

எனக்கு வந்ததே கோபம். முன்னெல்லாம் என்னைத் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டவர். நான் தைத்த ஒரு சட்டை விஷயத்தில் மனஸ்தாபமாகிப் பேச்சை நிறுத்தியிருந்தார். அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு பழிவாங்குகிறார் என்று நான் கத்த ஆரம்பித்தேன். பத்திரம் எழுதினவன் தப்பாக எழுதியிருப்பான் என்றேன். என் டேப்பு பொய் சொல்லாது, இந்த ஊரில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது என் அளவுதான், வேண்டுமானால் வந்து அளந்து பாருங்கள் என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் மின்விசிறியை மறந்து என் பக்கம் திரும்பிவிட்டார்கள். நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் தட்டிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் நான் முடிக்கிறவரை காத்திருந்தாள். "சரி, நாளைக்கு வந்து அளக்கறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள இந்த ஆட்சேபணை தீரலைன்னா ஃபைல் திரும்பிடும். நீங்க முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றாள். மாமனாரின் அக்கா வருவது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. படி இறங்கும்போது நான் விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டே வந்தேன். நாத்தனார் மட்டும், "பரவால்ல அண்ணி, அத்தை வீட்டுலயும் மெஷின் இருக்குன்னு சொன்னாங்க" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள் என்று தெரிந்தும் எனக்கு அவளை ஓர் அறை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் இரும்பு டேப்போடு வந்தாள். ஒரு முனையைக் கண்ணாடிக்கடைக்காரர் காம்பவுண்டு ஓரத்தில் பிடித்துக்கொண்டார், அவருக்குத்தான் சந்தேகம் என்பதால். மறுமுனை நான். மாமனார் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். தெருவில் போனவர்களும் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் அளவைப் படித்தாள். பத்திரத்தில் இருந்ததுதான் இருந்தது. ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. கண்ணாடிக்கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். என் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப உங்க டேப்புலதான் கோளாறு" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இருக்கவே இருக்காது மேடம்!"

இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் ஒன்றுதான். அவளுக்கே ஆச்சரியம். "சரி, அன்னைக்கு எப்படி அளந்தீங்களோ அப்படியே அளந்து காட்டுங்க" என்றாள். நான் டேப்பைச் சமையலறைச் சுவர்மேல் வைத்தேன். நாத்தனார் பக்கத்தில் அட்டையோடு நின்றாள். நான் அளந்து, நிமிர்ந்து, அளவைச் சொன்னேன். அடுத்த துண்டுக்குப் போனேன். அளந்து, சொன்னேன். மூன்றாவது துண்டில் நாத்தனாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, விக்கலா சிரிப்பா என்று தெரியாத மாதிரி.

"அண்ணி... டேப்புல இருக்கறதை நீங்க சொல்லல."

"பின்ன எதைச் சொல்றேன்?"

"ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விரல் சேர்த்துச் சொல்றீங்க. தையலுக்கு!"

ஐயோ! எனக்கு அப்படியே காம்பவுண்டுக்குள் புதைந்துபோகலாம் போல ஆகிவிட்டது. எந்தத் துணியை அளந்தாலும் பிடித்துத் தைப்பதற்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் விட்டுத்தான் என் வாயில் அளவு வரும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வந்த பழக்கம். கண் டேப்பில் ஒன்றைப் பார்க்கும், வாய் வேறொன்றைச் சொல்லும். நடுவில் நான் என்கிற ஆளுக்கு வேலையே கிடையாது. சுவருக்கும் தையல் விட்டிருக்கிறேன். சமையலறைக்கு, ஹாலுக்கு, சந்துக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தையல் விட்டு, எல்லாம் சேர்ந்து கண்ணாடிக்கடைக்காரரின் தண்ணீர்த் தொட்டிவரைக்கும் போய்விட்டது.

முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டர். அதற்குப் பிறகு தெருவே சிரித்தது. கண்ணாடிக்கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதான் தங்கச்சி, நீ தச்ச சட்டை எனக்குத் தொளதொளன்னு இருந்துச்சு! துவைச்சா சுருங்கும்னு நீ சொன்னே. இன்னைக்கு வரைக்கும் சுருங்கல!" என்றார். ஒரு வருஷமாக இல்லாத தங்கச்சி அவர் வாயில் தானாக வந்தது. எனக்கு அழுகை வருகிற நேரத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் அங்கேயே, ஸ்கூட்டர் சீட்டின்மேல் காகிதத்தை வைத்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சட்டையை அளவாகப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிறேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கின பிறகுதான் இன்ஸ்பெக்டர் பிளானைக் கையில் எடுத்தாள். "பிரச்சினை இன்னும் முடியலம்மா. அந்த ஒண்ணரை அடி இல்லாம, பக்கத்துல சட்டப்படி விடவேண்டிய இடத்தையும் விட்டுட்டா, படி கட்ட இடமில்ல. பின்பக்கமாப் படி கொண்டு போறதுக்கு வழியே இல்ல" என்றாள். அவள் வாசலுக்கு வந்தாள். மாமனாரின் நாற்காலியைச் சுற்றி நடந்தாள். முன்பக்கத்தை, கேட்டை, சிமெண்ட் தரையை எல்லாம் பார்த்தாள். "இங்க தாராளமா இடம் இருக்கே. படியை முன்னாடி கொண்டு வந்துடுங்க. கேட்டைத் திறந்தா நேரா மேலே. வீட்டுக்குள்ள வரவே வேண்டாம். இப்படி மாத்தி வரைஞ்சு, ஓனர் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள்ள கொடுத்தா நான் கமிட்டியில வெச்சுடறேன்."

தெருவைப் பார்த்த படி. தனி வாசல். நாங்கள் கேட்கத் துணியாததை, என் மடத்தனம் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் வாசலில் படி வரப்போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாமனாரைப் பார்த்தோம். அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் எப்போதும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர்; அன்றைக்குத் தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மாமனார்தான் ஆரம்பித்தார். "பின்பக்கம்னு பேசினோம். பின்பக்கம் முடியாதுன்னா பேச்சு அத்தோட முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை அக்கா வருவா." நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். நாத்தனார் என் கையை அமுக்கினாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"அப்பா, அத்தை வீட்டுக்குப் போகச் சொன்னா போறேன். ஆனா அங்க இருந்து அவர் வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன். அது உங்களுக்குத் தெரியணும்."

"இப்ப யாரு உன்னை அங்க போகச் சொன்னா?"

"யாரு கேட்டாலும் ரெண்டு நாள் வந்திருக்கான்னு சொல்றீங்க. நான் அதைக் கேட்டுக்கிட்டே பட்டன் வெச்சுக்கிட்டு இருக்கேன்பா. ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்னை எங்கயோ அனுப்பிடுவீங்கன்னு தோணுது. பையைக்கூட நான் இன்னும் முழுசாப் பிரிக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மாமனார் கையைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். விரல்களில் சாப்பாடு காய்ந்துவிட்டது. ஒரு வருஷமாக ஹால் மூலையில் இருக்கிற அந்தப் பையை அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் நான் பிளான் போடுகிறவரிடம் ஓடினேன். எதற்கு ஓடுகிறோம் என்று எனக்கே தெரியவில்லை, கையெழுத்துக் கிடைக்காத பிளானை வைத்து என்ன செய்ய? ஆனாலும் சும்மா உட்கார முடியவில்லை. அவர் சங்கடத்தோடு காலைத் தடவிக்கொண்டே மாற்றி வரைந்து கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் நான் அந்தச் சுருளை மேஜைமேல் வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தபோது, மாமனார் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, அறையிலிருந்து வெளியே வந்தார்.

"ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பான்?" என்றார்.

"பத்து மணிக்கு மாமா."

"அப்ப என்ன உட்கார்ந்திருக்கே? அவளையும் கிளம்பச் சொல்லு."

அவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவருக்குப் பின்னால், கேட்டால் எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நகராட்சி மாடியில் அன்றைக்கு நல்ல கூட்டம். இன்ஸ்பெக்டர் இடத்தில் இல்லை. வெளியே போயிருக்கிறார், குமாஸ்தாவிடம் கொடுங்கள் என்றார்கள். குமாஸ்தா ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்காமலே வேலை செய்கிறவர். பிளானை விரித்தார். முன்பக்கப் படியைப் பார்த்ததும் பேனா நின்றது.

"தனிப் படி, தனி வாசல். வாடகைக்கு விடப் போறீங்களா?"

"இல்ல" என்றேன் நான்.

"ஓனர் யாரு?"

"நான்தான்" என்றார் மாமனார்.

"வாடகைக்குன்னா வேற விண்ணப்பம் பெரியவரே. சொந்த உபயோகம்னா யாரு இருக்கப் போறாங்கன்னு சொல்லணும். வீட்டுல இருக்கறவங்க கீழேயே இருப்பாங்களே, மேல யாருக்கு?"

குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் பார்த்தேன், மாமனாரும் பார்த்தார். சும்மா விருந்தாளிகளுக்கு என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, பாஸானால் போதும் என்றுகூட நினைத்தேன். நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, காதுல விழுதா? மேல யாருக்கு?"

"விழுது விழுது" என்றார் மாமனார். பிறகு நிமிர்ந்தார். நெரிசலான பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற அந்தப் பழைய குரல், இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ, அப்படியே வந்தது. "என் பொண்ணுக்கு! எழுதிக்கோங்க. இதோ நிக்கிறா பாருங்க, இவளுக்கு. இவ எங்க வீட்டுலதான் இருக்கா. இனிமே இங்கதான் இருப்பா. சொந்த உபயோகம்!"

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். குமாஸ்தா அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு ஏன் சத்தம் போடறீங்க, மெதுவாச் சொன்னாலே எழுதிக்குவேனே" என்று முனகிக்கொண்டே எழுதினார். மாமனார் கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே எப்போதும் இழுக்கிற கோட்டை அன்றைக்குக் காகிதத்தின் ஓரம்வரை இழுத்தார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், அத்தனை பேருக்கு நடுவில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். நாத்தனார் அழவில்லை. அப்பாவின் சட்டைக் காலர் பின்னால் மடங்கியிருந்ததை நேராக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் பாஸாகிவிட்டது. சாயங்காலம் முத்திரை குத்திய பிளானை இன்ஸ்பெக்டரே வீட்டு வழியாகப் போகும்போது கொடுத்துவிட்டு, "இனிமே சுவரை எல்லாம் கொத்தனாரை அளக்கச் சொல்லுங்க" என்று சிரித்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கண்ணாடிக்கடைக்காரர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று, தொட்டியைத் தட்டிக் காட்டி, "பத்திரமா இருக்கு தங்கச்சி" என்றார். மாமனார் அக்காவுக்குப் போன் போட்டு, இவள் வரவில்லை, வேறு ஆள் பார்த்துக்கொள் என்றார். அந்தப் பக்கத்தில் இருந்து வந்த பேச்சையெல்லாம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ரெண்டு நாள் எல்லாம் இல்லக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படி எப்போது வருவது, நாங்கள் எப்போது ஏறுவது? ஏணியைச் சாத்தி நானும் நாத்தனாரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். என் வீட்டுக்காரர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, மெதுவா, மெதுவா என்று கத்தினார். உடைந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்து, பிளானைப் பார்த்துப் பார்த்து அறையைத் தரையில் கோடாகப் போட்டோம். நான் டேப்பைப் படிக்கவில்லை. அவளே படித்து, அவளே கோடு போட்டாள். சின்ன அறைதான். கட்டில் இங்கே, ஜன்னல் அங்கே, ஒரு மேஜை போடலாம். படி வந்து முடிகிற இடத்தில் கதவுக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டாள். பிறகு நான் வெளியே வந்துவிட்டேன். அவள் உள்ளே இருந்தாள். நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள், வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் அப்படியே சிமெண்ட் தரையில் படுத்து, கையையும் காலையும் ஆசை தீர விரித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏணி கிரீச்சென்றது. பார்த்தால் மாமனார். "ஏம்பா உங்களுக்கு இந்த வேலை" என்று கீழே என் வீட்டுக்காரர் பதறப் பதற, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்துவிட்டார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக நடந்து வந்தவர், கதவுக்காக விட்ட இடைவெளிக்கு முன்னால் வந்ததும் நின்றார். ஒரு காலைத் தூக்கி, மறுபடி வெளியிலேயே வைத்தார்.

"உள்ள வரலாமா?" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். உடனே எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் இருங்கப்பா" என்றாள். மெதுவாக எழுந்து உட்கார்ந்து, கலைந்திருந்த முடியை அவிழ்த்து, அவசரமே இல்லாமல் மறுபடி முடிந்துகொண்டாள். செங்கல் கோட்டுக்கு வெளியே, ஒரு கையை இன்னும் வைக்காத கதவு நிலையில் ஊன்றுகிற மாதிரி உயர்த்தி வைத்தபடி, மாமனார் நின்றுகொண்டிருந்தார்.